உட்வர்டு சாலையின் ‘கறுப்புப் பேய்’: அப்பா வாங்கிய கார், மகன் மீட்ட கார்!

சென்னையை ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று எத்தனையோ முறை படித்திருப்போம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்று கார் தொழிற்சாலைகள் வரிசை கட்டியதால் வந்த பெயர் அது. சரி, அந்த ஒரிஜினல் டெட்ராய்ட் எப்படி இருக்கும்? அங்கே ஒரே ஒரு சாலையில் மட்டும் போய்வர நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் உட்வர்டு அவென்யூவைத் தேர்ந்தெடுக்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நதிக்கரையில் ஆரம்பித்து வடமேற்கே பான்டியாக் நகரம் வரை 40 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலை இது. 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சாலையிலும் நகரின் வேறு சில தெருக்களிலும் இரவு நேரத்தில் ஒரு கறுப்பு கார் திடீரென்று வரும். சிக்னலில் பக்கத்து காரோடு போட்டிக்கு நிற்கும். பச்சை விழுந்ததும் சீறிப் பாயும், ஜெயிக்கும், அப்படியே இருட்டுக்குள் போய்விடும். பிறகு வாரக்கணக்கில் ஆளையே காணோம். ஓட்டியது யார் என்று தெரியாததால், ரேஸ் இளைஞர்கள் அதற்கு ‘பிளாக் கோஸ்ட்’, அதாவது கறுப்புப் பேய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் ‘பேய்’, 2023 மே மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த ஏலத்தில் 9,75,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 8 கோடி ரூபாய். இதில் ஏல கமிஷன் சேரவில்லை. ஆச்சர்யம் என்னவென்றால், அது பளபளவென்று புதுசாக்கி நிறுத்தப்பட்ட கார் அல்ல. அது ஏன் என்று புரிய, முதலில் அந்தச் சாலையில் ஒரு சுற்று போய்வர வேண்டும்.

நதியிலிருந்து எட்டாவது மைல் வரை

நதிக்கரையில் இருக்கும் ஹார்ட் பிளாசாவுக்கு அருகில் தொடங்கலாம். எதிர்க்கரையில் தெரிவது கனடா. வடக்கே திரும்பி நடந்தால் தியேட்டர்களும் பேஸ்பால் மைதானமும் வரும். 2017 முதல் சாலையின் இந்தப் பகுதியில் சின்ன டிராம் ஒன்றும் ஓடுகிறது. டிராமில் ஏறினால் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இறங்கலாம். மெக்ஸிகோ ஓவியர் டியகோ ரிவேரா 1932-33-ல் வரைந்த மாபெரும் சுவரோவியங்கள் இங்கே இருக்கின்றன. சாமியோ ராஜாவோ இல்லை. சுவர் முழுக்க கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இயந்திரங்களும்தான். ஒரு ஊர் தன்னை எப்படிப் பார்த்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னும் வடக்கே போனால் ஹைலேண்ட் பார்க். ஃபோர்டு கம்பெனி 1913-ல் நகரும் அசெம்ப்ளி லைனை முழுவீச்சில் ஓடவிட்ட தொழிற்சாலை இந்தச் சாலையோரம்தான் இருக்கிறது. ஒரு மாடல்-டி காரின் சேஸிஸை அசெம்பிள் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, இங்கே சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே, தினச் சம்பளம் 5 டாலர் என்று ஃபோர்டு அறிவிக்க, ஊரே திரண்டுவந்தது.

அதைத் தாண்டினால் ஆறாவது மைல் ரோடு, ஏழாவது மைல் ரோடு என்று வரிசையாகக் குறுக்குச் சாலைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மைல் தூரத்துக்குத்தான் 1909-ல் கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட் சாலைகளின் வரலாற்றைச் சொல்லும்போது தவறாமல் இடம்பெறும் மைல் இது. எட்டாவது மைல் ரோட்டில் டெட்ராய்ட் நகர எல்லை முடிகிறது. ராப் பாடகர் எமினெம் நடித்த ‘8 மைல்’ படத்தின் பெயர் இந்த ரோட்டிலிருந்து வந்ததுதான். பல பத்தாண்டுகளாக, அந்தப் பக்கம் வெள்ளையர் புறநகரங்கள், இந்தப் பக்கம் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் நகரம் என்று பிரித்துவைத்த கோடும் அதுதான்.

எல்லையைத் தாண்டினால் ஃபெர்ன்டேல், ராயல் ஓக், பர்மிங்ஹாம் எனப் புறநகரங்கள். சாலை அகலமாகிறது, நடுவில் புல்வெளி, நேர்கோடு, இடையிடையே சிக்னல். 1960-களின் இளைஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ‘டோட்டம் போல்’, ‘டெட்ஸ்’ போன்ற டிரைவ்-இன் உணவகங்களில் பர்கர் வாங்கிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்து, ‘யார் வண்டி ஃபாஸ்ட்’ என்று வாய்ச்சவடால் விட்டு, பிறகு சிக்னலுக்குச் சிக்னல் நிரூபிப்பார்கள். கார் கம்பெனி இன்ஜினீயர்களும் தங்கள் வண்டிகளை இந்தச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

பான்டியாக் கொடுத்த ஐடியா

மஸில் கார் என்றால் என்ன? ஃபார்முலா ரொம்ப சிம்பிள். நடுத்தர சைஸ் கார் ஒன்றில், பெரிய காருக்கான இன்ஜினைத் தூக்கிவைத்து, இளைஞர் கைக்கு எட்டும் விலையில் விற்பது. வளைவில் திரும்புவதிலும் பிரேக்கிலும் இந்த வண்டிகள் பெரிய கெட்டி இல்லை. நேர்கோட்டில் மட்டும் ராக்கெட்.

அந்த ஃபார்முலாவை ஊருக்கே பிரபலமாக்கியது, உட்வர்டு சாலை போய்ச் சேரும் பான்டியாக் நகரத்தின் பெயரைத் தாங்கிய கம்பெனிதான். ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது நடுத்தர கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஒரு விதி. பான்டியாக் பிரிவில் இருந்த ஜான் டெலோரியன் குழுவினர், 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பஸ்ட் காருக்கான ‘ஆப்ஷன்’ என்று விலைப் பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். 1964-ல் வந்த அந்த ஜி.டி.ஓ, முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், பிளைமவுத் என எல்லோரும் களத்தில் குதித்தார்கள்.

டாட்ஜ் 1970 மாடலாகக் கொண்டுவந்ததுதான் சேலஞ்சர். ஹாம்ட்ராம்க் என்ற குட்டி நகரத்தில் இருந்த ‘டாட்ஜ் மெயின்’ தொழிற்சாலையில் தயாரானது. டெட்ராய்ட்டுக்கு நடுவே தீவுபோல இருக்கும் ஊர் அது, உட்வர்டிலிருந்து சில நிமிடப் பயணம். சேலஞ்சருக்குக் கிடைத்த இன்ஜின்களில் பெரிய அண்ணன் 426 ஹெமி. கிட்டத்தட்ட 7,000 சிசி, 425 குதிரைத்திறன். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது 1,200 சிசி என்பதை நினைத்துப் பார்த்தால் சைஸ் புரியும். ரசிகர்கள் இதை ‘யானை’ என்றே அழைத்தார்கள். இந்த இன்ஜினுக்கு மட்டும் தனியாக 778 டாலர் கட்ட வேண்டும். ஆர்/டி மாடல் காரின் விலையே சுமார் 3,200 டாலர்தான். அதனால் வாங்கியவர்கள் குறைவு. இன்று அந்தக் குறைவுதான் அதன் மதிப்பு.

போலீஸ்காரர் வாங்கிய கார்

1967 ஜூலையில் டெட்ராய்ட் பற்றி எரிந்தது. போலீஸ் ரெய்டு ஒன்றில் தொடங்கிய கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 இறுதியில், அதே நகரில் ரேனல் பிரதர்ஸ் என்ற டாட்ஜ் ஷோரூமுக்கு ஓர் இளைஞர் போனார். பெயர் காட்ஃப்ரே குவால்ஸ். கறுப்பினத்தவர். ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். டெட்ராய்ட் போலீஸில் மோட்டார் சைக்கிள் அதிகாரி.

அவர் ஆர்டர் கொடுத்த விதமே தனி. சேலஞ்சர் ஆர்/டி, அதில் சொகுசான எஸ்.இ. பேக்கேஜ். கறுப்பு பெயின்ட். கூரையில் முதலைத்தோல் மாதிரி டிசைன் போட்ட கறுப்பு வினைல். 426 ஹெமி. ஆட்டோமேட்டிக் வேண்டாம், நான்கு கியர் மேனுவல். ரேஸுக்கு ஏற்ற ‘சூப்பர் டிராக் பேக்’. ஆர்/டி, எஸ்.இ., ஹெமி, மேனுவல் கியர் நான்கும் ஒன்றாகச் சேர்ந்த 1970 சேலஞ்சர்கள் மொத்தமே இருபத்துச் சொச்சம்தான்.

பகலில் சட்டம் காக்கும் வேலை. இரவில் தெரு ரேஸ். தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. ஜெயித்ததும் மாயமாக மறைந்ததற்கு இதுதான் காரணம். ரேஸ் வட்டாரமே தேடிய அந்தப் பேய், போலீஸ் ஸ்டேஷனுக்குள் யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருந்தது!

ஆனால் அந்தக் காலம் சீக்கிரம் முடிந்தது. மஸில் கார்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1970-ல் புகை மாசுக்கான கடுமையான சட்டம் வந்தது. 1971-க்குப் பிறகு அந்த ஹெமி நின்றுபோனது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1970-களின் நடுவில் காட்ஃப்ரே தன் காரை கராஜில் நிறுத்தினார். 1980-ல் அதைப் பெற்றெடுத்த டாட்ஜ் மெயினும் மூடப்பட்டது. 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம், 2020-ல் 6.4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. 2013-ல் நகர நிர்வாகமே திவால் மனு கொடுத்தது. இத்தனையும் வெளியே நடக்க, கார் கராஜில் இருந்தது.

வாங்க வருகிறோம் என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ‘இல்லை’ என்றே பதில். 2015 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காட்ஃப்ரே இறந்தார். அதற்கு முன் மகன் கிரெகரியிடம் காரின் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து, விற்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

தரைக்குக் கீழே உப்பு, தரைக்கு மேலே துரு

கராஜில் இருந்ததால் அந்த கார் பிழைத்தது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், 1,000 அடிக்கும் கீழே ஒரு பிரமாண்ட உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டும் உப்பு குளிர்காலத்தில் சாலையில் பனி உருகுவதற்காகக் கொட்டப்படுகிறது. அந்த உப்புத் தண்ணீர் காரின் அடியில் தெறித்து, தகடைத் தின்றுவிடும். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊரின் தரைக்கு அடியிலேயே காருக்கு எமன்!

அதனால்தான் பழைய அமெரிக்க கார் வாங்குபவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்குவதில்லை. மண்டி போட்டு அடியில் டார்ச் அடிக்கிறார்கள். டிக்கி தரை, வீல் வளைவுகள், கண்ணாடிக்குக் கீழே உள்ள மடிப்பு ஆகியவைதான் துரு ஒளிந்திருக்கும் இடங்கள். கையோடு ஒரு சின்னக் காந்தமும் எடுத்துப்போவார்கள். இரும்புத் தகடு என்றால் ஒட்டும். பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது, நழுவும்.

எண்கள் பேசும்

துருவைவிடப் பெரிய ஆபத்து, போலி. சாதாரண இன்ஜினோடு வந்த சேலஞ்சரில் ஹெமியை மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டினால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ‘குளோன்’ என்று சொல்லி விற்றால் தப்பில்லை. ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் மோசடி. விலை வித்தியாசமோ பல மடங்கு.

கண்டுபிடிக்க வழி உண்டு. டிரைவர் பக்கம் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். நம் ஊரில் சேஸிஸ் நம்பர் பார்ப்பதுபோல அதைப் படிக்க வேண்டும். பிளாக் கோஸ்ட் வகை காரில் அது ‘ஜே-எஸ்-29-ஆர்-0-பி’ என்று தொடங்கும். ‘ஜே’ என்றால் சேலஞ்சர். ‘எஸ்’ என்றால் ஆர்/டி. 29 என்பது எஸ்.இ. பாடி. ‘ஆர்’ என்பது 426 ஹெமி. பூஜ்யம் 1970. ‘பி’ என்றால் ஹாம்ட்ராம்க். ‘ஆர்’ இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து இருந்தால், பானெட்டுக்குக் கீழே எவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தாலும் அது ஹெமியாகப் பிறந்த கார் இல்லை!

அடுத்து, இன்ஜினில் பொறித்திருக்கும் நம்பர் இதோடு ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் அறைக்குள் திருகி வைத்த சின்னத் தகட்டில், என்னென்ன ஆப்ஷனோடு கார் வந்தது என்ற குறியீடுகள் இருக்கும். தொழிற்சாலையில் எந்த காரில் எதைப் பொருத்த வேண்டும் என்று சொல்லும் பேப்பர், பல கார்களில் பின்சீட் ஸ்பிரிங்குக்கு அடியில் மடித்தபடியே கிடைக்கும். எலி கடிக்காமல் விட்டிருந்தால் அந்த ஒரு பேப்பருக்கே தனி மரியாதை.

முதல் நாளிலிருந்து ஒரே குடும்பத்தின் கையிலேயே இருந்த கார் என்றால், இந்தச் சந்தேகம் எதுவும் எழாது. பிளாக் கோஸ்ட்டின் பெரிய பலம் அதுதான்.

புதுசாக்குவதா, அப்படியே விடுவதா?

பழைய கார் கைக்கு வந்ததும் இரண்டு வழி. முதல் வழி, முழு ரெஸ்டோரேஷன். போல்ட் போல்ட்டாகக் கழற்றி, கிரில் சிக்கனைக் கம்பியில் குத்திச் சுழற்றுவதுபோல பாடியை ஒரு சட்டத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, துருப்பிடித்த தகடை வெட்டி, புதுத் தகடை வெல்டு செய்து, டிங்கரிங், பிரைமர், தேய்ப்பு, பெயின்ட் என்று போகும். வருடக்கணக்கான வேலை. உதிரி பாகமும் பெரும்பாலும் கிடைக்கிறது. மஸ்டாங், காமரோ போன்ற பிரபல மாடல்களுக்கு முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். எலும்புக்கூடாகிவிட்ட காருக்கு வேறு வழியும் கிடையாது.

இரண்டாவது வழி, ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் செய்வது. வருடக்கணக்கில் நின்ற காருக்கு எடுத்ததும் சாவி போட்டுத் திருகினால் இன்ஜினே போய்விடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். டேங்கில் கெட்டுப்போய்ப் பிசினாகிக் கிடக்கும் பெட்ரோலை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும். ஹெமிக்கு அது இரண்டு. பிரேக் ரப்பர்கள், ஹோஸ், டயர் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். வயரிங்கில் எலி குடியிருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

கிரெகரி தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை. காரை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். முழுவதுமாகப் புதுசாக்கவில்லை. அப்படியே கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் கதை தெரிந்தவர்கள் காரை அடையாளம் கண்டார்கள். ‘நாங்கள் தேடிய கார் இதுதானா?’ என்ற கேள்விக்கு, அரை நூற்றாண்டு கழித்து பதில் கிடைத்தது.

காரைச் சுரண்டி, மின்னும் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழகான ஹெமி சேலஞ்சர் ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் காட்ஃப்ரே கை வைத்த ஸ்டீயரிங், அவர் உட்கார்ந்து தேய்ந்த சீட் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். புது பெயின்ட்டைப் பணம் இருந்தால் யாரும் அடிக்கலாம். ஒரு மனிதர் ஓட்டிய தடத்தை எந்தப் பணத்தாலும் திரும்ப அடிக்க முடியாது.

2020-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இந்த கார் இடம்பிடித்தது. அந்தப் பதிவேட்டின் ஆவணங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. டாட்ஜ் கம்பெனியும் 2023 சேலஞ்சரில் ‘பிளாக் கோஸ்ட்’ என்ற பெயரில் 300 கார்களை மட்டும் தயாரித்தது, கூரையில் அதே முதலைத்தோல் டிசைனோடு! ரேஸ் பிடிபட்டால் வேலை போய்விடும் என்று பெயரை மறைத்த மனிதரின் காருக்குக் கிடைத்த மரியாதை இது.

சொன்ன வார்த்தை?

அப்பா விற்க வேண்டாம் என்றார். மகன் விற்றுவிட்டார். ஏலச் செய்தி வந்தபோது ரசிகர்கள் இதைத்தான் பேசினார்கள். ஒரு காருக்கு 9,75,000 டாலர் என்பது சாதாரணக் குடும்பம் ஒன்றின் தலைமுறைகளையே மாற்றும் பணம். அதைத் தொடாமல் கராஜில் பூட்டிவைக்கும்படி மற்றவர்கள் சொல்வது எளிது. ஆனால் கிரெகரி விற்பதற்கு முன் ஒரு வேலையை முடித்திருந்தார். காரை ஓடவைத்தார். ஓட்டியவர் யார் என்று ஊருக்குச் சொன்னார். அதை ஆவணமாக்கினார். இனி அந்த கார் எந்தக் கோடீஸ்வரரின் கராஜில் நின்றாலும், அது காட்ஃப்ரே குவால்ஸின் காராகத்தான் இருக்கும்.

நீங்கள் போனால்…

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டுக்குப் போங்கள். அன்றுதான் ‘உட்வர்டு டிரீம் குரூஸ்’. ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டுவதற்காக 1995-ல் தொடங்கிய சின்ன நிகழ்ச்சி, இன்று லட்சக்கணக்கானவர்கள் கூடும் திருவிழா. டிக்கெட் கிடையாது. மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும். ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை எந்தப் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்தாலும் ஜி.டி.ஓ, மஸ்டாங், காமரோ, சேலஞ்சர் எல்லாம் மெதுவாக உருண்டுபோகும். அன்று கூட்ட நெரிசலில் யாராலும் வேகமாகப் போக முடியாது!

மின்னும் கார்களை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் மங்கிப்போன கார் பக்கம் போய், “இதை முதலில் வாங்கியது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘எங்க அப்பா’ என்றுதான் பதில் தொடங்கும். அதற்குப் பிறகு அரைமணி நேரம் உங்கள் போனுக்கு வேலை இருக்காது.